கார்பனுக்கு மாறும் முன், இழை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: மோட்டாரைத் தாங்கும் ஒரு பிராக்கெட். முதலில் வெறும் நைலான் 66-இல் வார்த்தீர்கள், சூடேறியதும் வளைந்துவிட்டது. அப்புறம் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு மாறினீர்கள். வளைவது நின்றது, ஆனால் போல்ட் துளையை ஒட்டி விரிசல் விட ஆரம்பித்தது. எத்தனை பாகம் உடைந்தாலும் துளைக்குப் பின்னால், கேட்டுக்கு (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள், அதாவது அச்சுக்குள், நுழையும் வாய்) எதிர்ப்பக்கத்தில், அதே கோடு. கண்ணாடியை 50 சதவீதமாக ஏற்றலாமா, இல்லை ஒரேயடியாகக் கார்பன் இழைக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கேட்டுக்கு எதிர்ப்பக்கம், அதே கோடு என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சுமை அதிகம் விழும் இடத்தில் உடைவது இயல்புதான். ஆனால் துளையின் ஒரே பக்கத்தில், கத்தியால் கீறினாற்போல் நேராக உடைந்தால், அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து போகும் இழைகளே அங்கே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். இழை இல்லாத இடத்தில் அது கண்ணாடியா கார்பனா என்ற கேள்விக்கு வேலையே இல்லை.

இழை சேர்த்த பிளாஸ்டிக்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கும்: எவ்வளவு இழை போட்டோம் என்பதைவிட, அது எந்தத் திசையில் படுத்திருக்கிறது, வார்த்து முடிந்தபின் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது, பிளாஸ்டிக் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, இந்த மூன்றும்தான் பாகத்தின் தலைவிதி. மூட்டையின் மேல் அச்சிட்ட சதவீதம் இந்த மூன்றையும் சொல்லாது.

முதலில் இழை ஏன் வலுவானது என்று பார்த்துவிடலாம். கண்ணாடி கீழே விழுந்தால் நொறுங்குகிறது. அதே கண்ணாடி பிளாஸ்டிக்கை எப்படித் தாங்கும்? இதற்கு விடை கண்டவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். 1921-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கம்பி 170 மெகாபாஸ்கலில் (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் இத்தனை நியூட்டன் விசை) அறுந்தது. அதே கண்ணாடியை 3.3 மைக்ரானுக்கு மெல்லியதாக இழுத்தபோது கிட்டத்தட்ட 3400 மெகாபாஸ்கல் தாங்கியது. இருபது மடங்கு! பொருள் ஒன்றே, மாறியது அதிலுள்ள விரிசலின் அளவு. கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. தடித்த கம்பியில் பெரிய கீறலுக்கு இடம் இருக்கிறது. பத்து மைக்ரான் இழையில் அப்படிப்பட்ட கீறல் இருக்கவே முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு இழை அறுந்தாலும் அந்த விரிசல் பிளாஸ்டிக்கைத் தாண்டி அடுத்த இழைக்குச் சுலபமாகப் போகாது. அறுந்த இழையின் சுமையைச் சுற்றியுள்ள இழைகள் வாங்கிக்கொள்ளும்.

கீறல்தான் எதிரி என்பதால்தான், கண்ணாடி இழை தயாரிக்கும் ஆலையில் உருகிய கண்ணாடி பிளாட்டினம்–ரோடியம் தட்டின் நுண்துளைகள் வழியாக இறங்கி, குளிர்ந்த அந்த நொடியிலேயே அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு ஏற்றிவிடுகிறார்கள். ஒன்றோடொன்று உரசி இழைகள் கீறிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். அந்தப் பூச்சுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நைலான் 66-இன் விறைப்பு (எவ்வளவு வளையாமல், நீளாமல் நிற்கும் என்பது), உலர்ந்த நிலையில், சுமார் 3 ஜிகாபாஸ்கல், அதாவது 3000 மெகாபாஸ்கல். பொதுவாகப் பயன்படும் இ-கிளாஸ் வகைக் கண்ணாடி இழைக்கு 72. சாதாரண தரக் கார்பன் இழைக்கு 230. எஃகை விட அதிகம், எடையோ எஃகின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இழுவலிமையில் கண்ணாடியும் இந்தக் கார்பனும் கிட்டத்தட்ட ஒரே தட்டில்தான் நிற்கின்றன, இரண்டும் 3400, 3500 மெகாபாஸ்கல் வாக்கில். அதாவது கார்பன் உங்களுக்கு முதலில் தருவது விறைப்பும் எடைக்குறைவும்தான். "கார்பன் என்றால் உடையாது" என்ற நம்பிக்கை தவறு. கண்ணாடி இழை அறுவதற்கு முன் 4 சதவீதத்துக்கும் மேல் நீளும், கார்பன் 1.5 சதவீதத்திலேயே அறுந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நைலானுக்குள் இருக்கும் இழைக்குச் சுமை எப்படிப் போய்ச் சேருகிறது? இழையின் முனையை யாரும் பிடித்து இழுப்பதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக் நீளப் பார்க்கிறது, இழை மறுக்கிறது, இரண்டும் சேரும் பரப்பில் உராய்ந்து இழுக்கும் விசை உருவாகிறது. அந்த விசை முனையிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இழையில் ஏறுகிறது. ஆகவே இழை போதுமான நீளம் இல்லையென்றால், அதன் முழு வலிமையும் பயன்படும் முன்பே அது பிளாஸ்டிக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த எல்லைக்குத்தான் நெருக்கடி நீளம் என்று பெயர். 1965-இல் கெல்லி, டைசன் இருவரும் எழுதிய எளிய கணக்கு இது: இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டுப்பரப்பின் பிடிவலிமையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பிளாஸ்டிக்கோடு கலந்து குருணையாக்கும்போதும் (வார்ப்பு இயந்திரத்தில் கொட்டும் சிறு மணிகள்) வார்க்கும்போதும் அடிபட்ட கண்ணாடி இழைக்கு 2000 மெகாபாஸ்கல்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 10 மைக்ரான். நைலானின் பிடி 40 மெகாபாஸ்கல். விடை 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். இந்த நீளத்தில் உள்ள இழை அறுகிற அளவு சுமையை அதன் நடுப்புள்ளியில் மட்டும்தான் எட்டும். சராசரியாகப் பார்த்தால் பாதி. பத்து மடங்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் 95 சதவீதம் பயன்படும்.

இப்போது உங்கள் பாகத்துக்கு வாருங்கள். குருணை தயாரிக்க எடுக்கும் நறுக்கிய இழை 3 முதல் 4.5 மில்லிமீட்டர். குருணையாகி, வார்ப்பு இயந்திரத்தின் ஸ்க்ரூவில் (பிளாஸ்டிக்கை உருக்கி முன்னே தள்ளும் திருகு) அரைபட்டு, கேட் வழியாக நெருங்கிப் புகுந்து, மோல்டுக்குள் போய்ச் சேரும்போது மிஞ்சுவது சராசரியாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். நெருக்கடி நீளத்தின் விளிம்பிலேயே நிற்கிறோம். கொஞ்சம் கவனம் தவறினால் கீழே போய்விடும், இழை வெறும் நிரப்புத்தூளாகிவிடும்.

இதை எனக்கு உறைக்கவைத்தது ஒரு விசிறி இறக்கை. அச்சில் மாட்டும் இடத்தில் விரிசல் விட்டு உடைந்துகொண்டே இருந்தது. பொருள் சரி, சதவீதம் சரி, எடை சரி. உடைந்த துண்டு ஒன்றை உலையில் 600 டிகிரியில் வைத்து நைலானை எரித்து, மிஞ்சிய சாம்பலை எடை பார்த்தோம். சரியாக 30 சதவீதம். அத்தோடு விட்டிருந்தால் இன்னும் பொருளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கி, கண்ணாடி வில்லையில் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குச்சிகளாகத் தெரிய வேண்டிய இழைகள் துண்டு துண்டாகக் கிடந்தன, பெரும்பாலானவை 0.15 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. விசாரித்தால், வார்ப்பவர் ரன்னரையும் (கேட்வரை பிளாஸ்டிக் ஓடிவந்த வழியில் உறைந்த தண்டு) கழிவையும் அரைத்து ஏகப்பட்டதைத் திரும்பக் கலந்துகொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஊசித்துளை அளவு கேட். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் இழை மேலும் குட்டையாகிறது, ஆனால் சாம்பல் எடை மட்டும் மாறவே மாறாது. அரைத்த பொருளைக் குறைத்து, கேட்டைப் பெரிதாக்கி, ஸ்க்ரூவின் வேகத்தையும், அது பின்வாங்கும்போது எதிர்க்கும் அழுத்தத்தையும் இறக்கியதும் விரிசல் நின்றது. வேறு எதையும் மாற்றவில்லை.

இழை பெரும்பாலும் முறிவது எங்கே என்று தெரிந்தால் இந்த மாற்றங்களின் காரணம் புரியும். பாதி உருகியும் உருகாமலும் இருக்கும் குருணைகள் ஸ்க்ரூவில் ஒன்றையொன்று தேய்க்கும் பகுதியில்தான் முறிவு அதிகம். முழுதும் உருகிய பிளாஸ்டிக்கில் இழை மிதந்து போகும். அரைகுறையாக உருகியதில் அது வளைந்து முறியும். அதனால்தான் குருணை தயாரிக்கும் இடத்தில் கண்ணாடியைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து முதலிலேயே கொட்டுவதில்லை. பிளாஸ்டிக் உருகி முடிந்தபின் பேரலின் (ஸ்க்ரூ சுழலும் குழாய்) நடுவில், பக்கவாட்டிலிருந்து ஊட்டுவார்கள்.

பிடி பற்றிச் சொல்கிறேன் என்றேன். இழைமேல் பூசும் அந்த மெல்லிய பூச்சில் சிலேன் என்ற சேர்மம் இருக்கிறது. அதன் ஒரு முனை கண்ணாடியின் சிலிக்காவோடு வேதிப்பிணைப்பு போடும், மறுமுனை நைலானோடு கைகோக்கும். இழையின் எடையில் சுமார் 1 சதவீதம்தான் பூச்சு. ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்த 40 மெகாபாஸ்கல் வருவது இதனால்தான். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு அப்படிக் கைகோக்க வேதிக்குழு எதுவும் இல்லை. அதனால் மாலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிபுரோப்பிலீனைக் கொஞ்சம் கலப்பார்கள். கலக்காவிட்டால் இழை உறையில் சொருகிய கத்திபோல் உருவிக்கொண்டு வரும். உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெரிந்துவிடும். துருத்திக்கொண்டு நிற்கும் இழைகள் பளபளவென்று மொழுமொழுப்பாக இருந்தால் பிடி இல்லை. மேலே பிளாஸ்டிக் துணுக்குகள் அப்பிக்கொண்டிருந்தால் பிடி நன்றாக இருக்கிறது. எபாக்ஸி ரெசினுக்காக (கலந்து வைத்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூச்சு ஏற்றிய கார்பன் இழையை மலிவாகக் கிடைக்கிறதென்று நைலானில் கலந்தாலும் இதே கதை நேரலாம்.

திசைக்கு வருவோம். உங்கள் விரிசல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

30 சதவீதம் என்பது எடைக்கணக்கு. கண்ணாடி நைலானைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், ஆகவே பருமனில் அது 16 சதவீதம்தான். இழை எல்லாம் ஒரே திசையில், முடிவில்லாத நீளத்தில் இருந்தால் விறைப்பு 14 ஜிகாபாஸ்கல் வர வேண்டும். டேட்டா ஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் தகவல் தாள்) இருப்பதோ 10. மீதி 4 குட்டை நீளத்திலும் திசைச் சிதறலிலும் போய்விட்டது. அந்த 10-கூட எப்படி வந்தது தெரியுமா? ஒரு முனையில் கேட் வைத்து, உருகல் நேராக ஓடும்படி வார்த்த சோதனைப் பட்டையில் அளந்தது. இழைகள் அதற்கு மிகச் சாதகமாகப் படுத்திருக்கும். உங்கள் பிராக்கெட்டில் அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. நான் பாகம் வடிவமைக்கும்போது டேட்டா ஷீட் எண்ணை அப்படியே எடுப்பதில்லை; ஓட்டத்துக்குக் குறுக்கே சுமை வரும் இடத்தில் பாதியாவது குறைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

மோல்டுக்குள் உருகிய நைலான் ஆற்றுநீர்போல ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சுவரை ஒட்டிய பகுதி உறைந்து இழுபடுகிறது, நடுப்பகுதி முந்துகிறது. சுவரருகே அந்த இழுப்பில் இழைகள் ஓட்டத்தின் திசையில் நீட்டிப் படுத்துக்கொள்கின்றன. நட்ட நடுவில், உருகல் அகலவாக்கில் விரியும்போது, குறுக்கே திரும்பிக்கொள்கின்றன. ஆகவே 3 மில்லிமீட்டர் சுவரை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்காகத் தெரியும்: இரண்டு தோலிலும் ஓட்டத்தோடு, நடுவில் குறுக்காக. பாகம் கோணிக்கொள்வதும் இதனால்தான். இழை படுத்திருக்கும் திசையில் சுருக்கம் 0.3, 0.4 சதவீதம் வரும். குறுக்கே 1 சதவீதத்தை நெருங்கும். தட்டையாக வர வேண்டிய மூடி தொன்னைபோல் குழிந்து வருகிறதென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

துளை இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? துளையை உருவாக்கும் பின்னில் (மோல்டுக்குள் நிற்கும் கம்பி) மோதி உருகல் இரண்டாகப் பிரிகிறது, பின்னைச் சுற்றிப் போய் மறுபக்கத்தில் மறுபடி சந்திக்கிறது. முன்னேறும் உருகலின் முகத்தில் உள்ள இழைகள் அந்த முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். இரண்டு முகங்களும் வந்து ஒட்டும்போது, இழைகள் ஒட்டிய கோட்டுக்கு இணையாகவே உறைந்துவிடுகின்றன. ஒரு பக்கத்து இழை மறுபக்கத்துக்குள் நுழைவதே இல்லை. இரண்டு துணிகளைத் தைக்காமல் பசை மட்டும் தடவி விளிம்போடு விளிம்பு ஒட்டியதுபோல. இதைத்தான் வெல்டு லைன் என்கிறோம். இந்தக் கோட்டில் வலிமை பாதியளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடலாம். நீங்கள் சொன்ன இடம், கேட்டுக்கு எதிர்ப்பக்கம், துளைக்குப் பின்னால், அச்சு அசலாக இதேதான். போல்ட்டை முறுக்கும்போது துளையின் விளிம்பு விரியப் பார்க்கிறது, அந்த இழுவிசை வெல்டு லைனைக் குறுக்கே பிளக்கிறது.

கண்ணாடியை 50 சதவீதமாக ஏற்றினால் மற்ற இடங்கள் பலப்படும், இந்தக் கோடு பலப்படாது. பெரும்பாலும் இன்னும் மோசமாகும், ஏனென்றால் கோட்டில் இணையாகப் படுத்துக் கிடக்கும் இழைகள் நைலான் நைலானோடு ஒட்டும் இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. வெறும் நைலானில் வார்த்தபோது விரிசல் வராததற்குக் காரணமும் இதுவே: அப்போதும் வெல்டு லைன் இருந்தது, ஆனால் இருபக்க நைலானும் நன்றாகக் கலந்து ஒட்டியது, பொருளும் அறுவதற்கு முன் நன்றாக நீண்டு கொடுத்தது. 30 சதவீதக் கண்ணாடி போட்டபின் அறுவதற்கு முன் நீள்வது 3 சதவீதம் சொச்சம்தான்.

கார்பன்? அது இன்னும் குறைவாகத்தான் நீளும். 30 சதவீதக் கார்பன் நைலான் 20 ஜிகாபாஸ்கலைத் தாண்டும் விறைப்பைத் தரும், கண்ணாடியின் இரு மடங்கு. ஆனால் கார்பனிடம் எதிர்பார்க்க வேண்டியது அதைவிட எவ்வளவோ அதிகம். கார்பன் லேசானது, அதனால் 30 சதவீத எடை பருமனில் 21 சதவீதத்துக்கு மேல் வரும். இழை எல்லாம் நேராக, நீளமாக இருந்தால் 50 ஜிகாபாஸ்கல் கிடைத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் தொலைந்து போகிறது. காரணம் மறுபடி நீளம்தான். 3500 மெகாபாஸ்கல், 7 மைக்ரான் என்று அதே கணக்கைப் போட்டால் கார்பனின் நெருக்கடி நீளம் 0.3 மில்லிமீட்டர் வருகிறது. ஆனால் நொறுங்கும் குணம் அதிகமுள்ள கார்பன் ஸ்க்ரூவில் கண்ணாடியைவிடச் சீக்கிரம் முறிகிறது. கேட்பது அதிக நீளம், மிஞ்சுவது குறைந்த நீளம். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருளை ஸ்க்ரூவில் அரைத்துத் தூளாக்குகிறோம் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

கார்பனின் அருமை தெரிய வேண்டுமென்றால் அதை நறுக்காமல், தொடர்ச்சியான இழையாக, எபாக்ஸி ரெசினில் பருமனில் 60 சதவீதம் வரை அடுக்கி, அழுத்தத்தில் வேகவைத்த பலகையைப் பார்க்க வேண்டும். இழையின் திசையில் 130 ஜிகாபாஸ்கலுக்கு மேல் விறைப்பு, 1500 மெகாபாஸ்கலும் அதற்கு மேலும் வலிமை. குறுக்கே அதே பலகைக்கு 9 ஜிகாபாஸ்கல், 50 மெகாபாஸ்கல் வாக்கில். குறுக்கே இழுத்தால் அது சாதாரண பிளாஸ்டிக்தான்! அதனால்தான் அடுக்குகளை 0, 45, 90 டிகிரி என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். 1981-இல் மெக்லாரன் ஃபார்முலா 1 காரின் உடற்கூட்டை முழுக்கக் கார்பனில் செய்தது, போயிங் 787-இன் எடையில் பாதி இந்த வகைப் பொருள் என்பதெல்லாம், ஒவ்வொரு அடுக்கின் திசையையும் மனிதன் தீர்மானிக்க முடிந்ததால் நடந்தவை. வார்ப்பில் திசையைத் தீர்மானிப்பது கேட்டும் துளையும் சுவர்த்தடிமனும்.

திசை சரியாக இருந்தாலும் கார்பனுக்கு ஒரு பலவீனம் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 விமான இயந்திரத்துக்குக் கார்பன் இழை விசிறி இறக்கைகளைத்தான் முதலில் செய்தது. இழைகள் சுழற்சி விசைக்கு ஏற்ற திசையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. 1970-இல் பறவை மோதும் சோதனையில் இறக்கைகள் தாங்கவில்லை. டைட்டேனியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பக்கவாட்டிலிருந்து வந்த அடிக்குத் தாங்க அந்த அடுக்கில் எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நிறுவனமே நொடித்துப் போனதற்கு அந்த இயந்திரத்தின் செலவு பெரிய காரணம். இன்று கார்பன் விசிறி இறக்கைகள் பறக்கத்தான் செய்கின்றன. முனையில் உலோகப் பட்டை வைத்து, கெட்டியான ரெசின் போட்டு, அடிக்கும் சேர்த்து வடிவமைத்தபின்.

கார்பனைக் குறுக்கே நின்று தடுப்பதாக நினைக்க வேண்டாம். சில வேலைகளுக்கு நான் யோசிக்காமல் கார்பன் கலந்த பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன். நிலைமின்சாரம் தேங்கக்கூடாத பாகங்கள், எண்ணெய் இல்லாமல் உராயும் புஷ்கள் (துளைக்குள் வைக்கும் குழாய் வளையங்கள்), வேகமாக முன்னும் பின்னும் ஓட வேண்டிய லேசான கைகள், வெப்பத்தில் அளவு மாறக்கூடாத பிடிமானங்கள். இழையின் நீளவாக்கில் கார்பன் சூட்டில் விரிவதே இல்லை, சொல்லப்போனால் மிகச் சிறிதளவு சுருங்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கார்பன் மின்சாரம் கடத்தும், ஆகவே அலுமினியத்தோடு நேராகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் கண்ணாடி இழை அடுக்கோ பூச்சோ வேண்டும். அப்புறம், கார்பனைக் கடையும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூள் மின்பலகைக்குள் போய் ஷார்ட் ஆக்கிவிடும். கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், கார்பன் தூள் இயந்திரத்தையே நிறுத்திவிடும். இரண்டுக்கும் முகமூடியும் உறிஞ்சியும் கட்டாயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். 30 சதவீதக் கண்ணாடி நைலான் 66 வார்த்த சூட்டோடு சூடாக 185 மெகாபாஸ்கல் இழுவலிமை காட்டும். சில மாதம் காற்றில் இருந்தபின் 130 வாக்கில் வந்து நிற்கும், விறைப்பும் 10-இலிருந்து 7 ஆகும். பதிலுக்கு அடி தாங்கும் குணம் கூடும். டேட்டா ஷீட்டில் இரண்டு பத்திகள் இருப்பது இதனால்தான். எந்தப் பத்தியைப் பார்த்தீர்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள். சூட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கண்ணாடி சேர்த்ததால் நைலானின் உருகுநிலை உயரவில்லை, அது 260 டிகிரியிலேயே நிற்கிறது. ஆனால் சுமையோடு வளையத் தொடங்கும் வெப்பநிலை 70 டிகிரி அளவிலிருந்து 250-ஐத் தொடுகிறது. நைலான் இளகினாலும் அதன் படிகப் பகுதிகள் உருகும் வரை இழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் வரும் லாபம் இது. பாலிகார்பனேட்போலப் படிகமில்லாத பிளாஸ்டிக்கில் இதே கண்ணாடி சில டிகிரிதான் உயர்த்தும்.

சரி, உங்கள் பிராக்கெட்டுக்கு நான் என்ன செய்வேன்?

முதலில் உடைந்த ஒரு பாகத்தை முழுசாக உலையில் வைப்பேன். நைலான் எரியும்போது நச்சுப்புகை வரும், அதில் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. புகைபோக்கி உள்ள உலையில்தான் செய்ய வேண்டும். கறுப்புப் பாகம் எரிந்து முடிந்தபின் உள்ளே வெள்ளை வெளேரென்று அதே பிராக்கெட் நிற்கும், விலா எலும்பும் துளையும் அப்படியே, ஊதினால் கலையும் கண்ணாடி எலும்புக்கூடாக. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சநேரம் பேச்சே வரவில்லை. அதன் பரப்பில் இழைகள் சீவிய முடிபோல் ஓட்டத்தின் பக்கம் படிந்திருப்பதைக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே காணலாம். துளைக்குப் பின்னால் முடியில் வகிடு எடுத்ததுபோல் ஒரு கோடு தெரிந்தால், வெல்டு லைன் இருப்பது உறுதி. லேசாகத் தொட்டால் முதலில் அங்கேதான் பிளக்கும்.

அப்புறம் கேட்டின் இடத்தைப் பார்ப்பேன். வெல்டு லைனை ஒழிக்க முடியாது, துளை இருந்தால் அதுவும் இருக்கும். ஆனால் அது போல்ட்டின் சுமை வராத பக்கத்துக்குப் போகும்படி கேட்டை நகர்த்தலாம். நகர்த்த முடியாத மோல்டு என்றால், வெல்டு லைன் விழும் இடத்துக்கு வெளியே ஒரு சிறு வழிதல் குழி வெட்டுங்கள். முதலில் சந்திக்கும் குளிர்ந்த முகங்கள் அந்தக் குழிக்குள் போய்விடும், சூடான உருகல் கோட்டைக் குறுக்கே கடந்து வரும், அதோடு இழைகளும் கொஞ்சம் திரும்பும். குழியைப் பிறகு நறுக்கிவிடலாம். காற்று போக வழியில்லாமல் அங்கே சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கோட்டின் முனையில் கருகல் தெரிந்தால் காற்றுதான். மோல்டின் சூட்டைக் கூட்டுவதும் உதவும், ஆனால் திசையை அது மாற்றாது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எண்ணிக்கை குறைவு என்றால் எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி: துளையை வார்க்காதீர்கள். மூடிய பரப்பாக வார்த்து, பிறகு துளையிடுங்கள். உருகல் பிரியவே இல்லை என்றால் சேரும் கோடும் இல்லை. எண்ணிக்கை அதிகம் என்றால் துளைக்குள் உலோகப் புஷ் ஒன்றை வைத்து, போல்ட்டின் இறுக்கம் முழுவதையும் அது வாங்கும்படி செய்யுங்கள். நைலானை நெரித்து இறுக்குவது எப்படியும் நல்லதல்ல, காலப்போக்கில் அது தளர்ந்து கொடுக்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் விறைப்பு போதவில்லை என்றால், கார்பனுக்கு முன் நீள இழைக் கண்ணாடியை முயன்று பாருங்கள். அதன் குருணை 10, 12 மில்லிமீட்டர் நீளம், இழையும் குருணையின் முழு நீளத்துக்கும் ஓடும். பெரிய கேட், ஆழம் குறைந்த ஸ்க்ரூவைத் தவிர்த்தல், மெதுவான வேகம் இவையெல்லாம் வேண்டும். பாதுகாத்து வார்த்தால் சில மில்லிமீட்டர் நீளம்வரை மிஞ்சும், அடி தாங்கும் குணம் நன்றாகவே கூடும். அதையும் சாதாரண இயந்திரத்தில் பழைய வேகத்தில் ஓட்டினால் பழைய கதைதான்.

மோல்டைத் திருத்தி முதல் பாகம் வெளியே வந்ததும் அதையும் ஒன்று எரித்துப் பாருங்கள். வகிடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அந்த வெள்ளை எலும்புக்கூட்டில் தெரியும். நகரவில்லை என்றால் வெட்டிய இடம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும்.